ரெண்டும் ஒண்ணுதான்

பலகையில் இரண்டு பட்டைகள்.
மேலே நீலம்: நோவில்லாத வாழ்வு.
கீழே மஞ்சள்: இப்போது இருப்பதுபோலவே பத்து வருடம்.
நீலத்தின் மேல் ஓர் ஊசி, இடம் வலமாக நகரும்.
ஊசி எங்கே இருக்கும்போது ஒருவர்
'ரெண்டும் ஒண்ணுதான்' என்கிறாரோ
அங்கே நிறுத்து. அது அவருடைய மதிப்பு.

பாளையங்கோட்டையில் மூன்று நாள் பயிற்சி.
மதியம் எலுமிச்சை சாதம்.
கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்காதே,
முகத்தில் எதையும் காட்டாதே என்றார்கள்.

முக்கூடலில் இறங்கும்போது பத்தரை மணி.
மூக்குக்குள் புகையிலைத் தூள்,
ஆற்றுக்காற்று அதைக் கலைக்கவில்லை.

முதல் வீடு வெள்ளத்தாய், ஐம்பத்திரண்டு.
மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை.
சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஓர் அங்குலம்.
சாய்ந்துவிட்டால் எழ முடியாதாம்.

பத்து வருடம் இந்த முதுகோடு,
அல்லது பத்து வருடம் வலியே இல்லாமல்.
எது வேணும்?
இது பழகுவதற்கான கேள்வி,
ஒருவரும் தவறமாட்டார் என்று குறிப்பேட்டில் இருந்தது.

அவள் நூலைப் பல்லால் அறுத்தாள்.
'எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தாயி.'

ஊசி பத்தில் நின்றது.
கணக்குப்படி
வெள்ளத்தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

திரும்பக் கேட்டேன்.
இந்த முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
'ஏன், வலி இல்லாட்டா
பீடி தானாச் சுத்திக்கிடுமா?'

ஆறாவது வீட்டில் முப்பிடாதி.
ஊசியை நான் தொடவே விடவில்லை,
அவளே தள்ளினாள்.
இருமல் இல்லாமல் ஒன்பது? சரி. எட்டு? சரி.
ஏழில் கத்திரியைக் கீழே வைத்தாள்.
விரல் மடக்கினாள்.
'சின்னவ இப்பத்தான் ஒம்பதாப்பு போறா.
பன்னெண்டு முடிக்க நாலு,
டிகிரிக்கு மூணு. ஏழு போதும்.'
ஆறு?
'அது ஆகாது. இருமிக்கிட்டே இருந்துக்கிடுதேன்.'

ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே, ஆறரை.
பூஜ்யம் புள்ளி ஆறு ஐந்து.
அட்டவணையில் அது
அவள் நெஞ்சுச்சளியின் எடை.
அந்த எண்ணுக்குள் ஒரு பெண்
அட்டையில் கிளிப் மாட்டி
கடைசிப் பரீட்சைக்குச் சைக்கிளில் போகிறாள்.

பையை மூடும்போது முப்பிடாதி கேட்டாள்:
'எங்கிட்ட எடுத்த மூணரை வருசத்த
யாருக்குக் குடுப்பிய?'

யாருக்கும் இல்லக்கா. சும்மா ஒரு கற்பனைக்கு.

'சும்மான்னா எதுக்கு எழுதுதிய?'
சிரித்தாள். பாதிச் சிரிப்பில் இருமல் வந்தது.
முகத்தில் எதையும் காட்டாமல்
தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு எதிரே பீடிக்கடை.
வெள்ளத்தாய் கூடையோடு வரிசையில் நின்றாள்.
கணக்கர் ஒரு கட்டை எடுத்து
பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார்,
இன்னொன்றை, இன்னொன்றை.
மூன்றைப் பிய்த்துப் போட்டார்.
கழித்ததற்குக் கூலி இல்லை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நூல் சுற்றியிருந்த விரலை மட்டும் நீவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில்
ஜெபக்கனி மேடம் படிவங்களைப் புரட்டினார்.
நல்லவர், சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுத்தான்
பேனாவை எடுப்பார்.
முதல் கேள்வியிலேயே தவறியவர்கள் பதினோரு பேர்.
'கேள்வி புரியாதவங்கள வச்சிருந்தா
சராசரி கெட்டுரும்ல.'
பதினோரு கோடுகள், குறுக்காக, சிவப்பில்.

முப்பிடாதி தப்பித்தாள்.
அவள் கேட்டதை ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தேன்.
டைப் அடிக்கிற பையன்
இது எந்தக் காலத்துல வரும் என்றான்.
பத்தி எனும் அர்த்தத்தில்தான் கேட்டான்,
எனக்குத்தான் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.

அந்த வாரம்
ஒரு படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய் தந்தார்கள்.
வெள்ளத்தாயின் படிவத்துக்குக் கிடையாது.