தண்ணி போகாத பெட்டி

போன வாடையில்
ஒரு ஜிபிஎஸ், இரண்டு போன், இரவல் வாங்கிய டோர்ச் லைட்
எல்லாம் உப்புத்தண்ணி குடித்துச் செத்தன.
ஐஸ்கிரீம் டப்பாவை நம்பினால் அப்படித்தான்,
ஆமிக்காரன் ரவை வைக்கிற பெட்டி ஒண்டு எடு என்றான்
என்னோடு கடலுக்கு வரும் ஞானரூபன்.

மூன்று ஞாயிறு தேடினேன்.
பாலையூற்றில் கிடைத்ததெல்லாம் மூடி கழன்றவை.
நல்லதாய் ஒன்று இருந்தது, அதற்குள்
வெற்றிலைக்காரி சில்லறை போட்டிருந்தாள்,
தரமாட்டேன் என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.
சீனன்குடாவில் ஒருவன் காட்டியது
நேற்றுப் பச்சை அடித்தது, விரலில் ஒட்டியது.
புதுப் பெயின்ற் என்றால் அடியைச் சுரண்டவேண்டும்.
சுரண்டினேன்.
நகத்தோடு அடியும் வந்தது.

கடைசியில் அனுராதபுரச் சந்தி தாண்டி
லாபிர் நானாவின் பழைய இரும்புக் கடை.
ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் சைக்கிள் றிம்முக்கும் நடுவே
பதினொரு பெட்டி, ஏலத்தில் எடுத்தவை.
"துண்டு இருக்கா நானா?"
"பெட்டியைப் பார்க்க முந்தித் துண்டைக் கேட்ட
முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அந்த நிறத்தில் ஒரு பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு
இந்த ஊர்த் தெருவில் போக
எனக்குக் கடதாசி வேண்டும்.

பஸ் ரிக்கற்றை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன்.
வழுகி வந்தால் ரப்பர் செத்துவிட்டது.
ஐந்தில் வழுகியது. ஒன்றில் ரிக்கற் கிழிந்தது,
அதைத் தனியே வைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் இன்னொருவர் தேடிக்கொண்டிருந்தார்.
கந்தளாய்க்காரர், ட்ராக்டர் சாவிகள் வைக்கவாம்.
வலது கால் கொஞ்சம் பின்னால் வந்தது.
பெட்டியைப் பார்க்காமலே
ஒற்றைக் கையால் கொளுவியைத் தட்டி மூடியைத் திறந்தார்,
மற்றக் கை எதற்கோ காலியாக நின்றது.
நான் அடுத்ததைத் திறந்தேன்.
அவர் என் கையைப் பார்த்தார்.
அதன் பிறகுதான் நானும் பார்த்தேன்,
என் மற்றக் கையும் காலியாக நிற்பதை.

"எங்க பழகினது?" உடைந்த தமிழ்.
"வெல்டிங் கடையில."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
"நானும் வெல்டிங் கடைதான்" என்றார்.
பிறகு தான் எடுத்து வைத்திருந்த ஒன்றை
காலால் என் பக்கம் தள்ளினார்.
"இது ரப்பர் நல்லம்."

மூவாயிரத்து ஐந்நூறு என்ற நானா
முந்நூறு குறைத்தார், ஏனென்று சொல்லவில்லை.
துண்டை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
உட்துறைமுக வீதியில் ஒருவரும் மறிக்கவில்லை.
இருந்தும் இரண்டு தரம் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

திருக்கடலூரில், வீட்டுக் கிணற்றடியில்,
உள்ளே ஒரு லொத்தர்ச் சீட்டை வைத்துப் பூட்டி
கயிற்றில் இறக்கினேன்.
தாழவில்லை.
அமத்தினேன், திரும்ப மேலே வந்தது.
நிரம்பிய பெட்டியின் பாரம்
என் இடது தோளுக்கு இன்றைக்கும் தெரியும்,
சதுப்பில், முழங்கால் சேற்றில், எத்தனை மைல்.
வெறுமையாய் இருந்தால் அது மிதக்கும் என்பது
இந்த வயதில்தான் தெரியவந்தது.
நங்கூரக் கல்லைக் கட்டித்தான் தாழ்த்தினேன்.

விடிய இழுத்து எடுக்கும்போது
மகள் சாருணி பக்கத்தில் குந்தியிருந்தாள்.
இரண்டு கையாலும் திறந்தேன்,
கொளுவி எந்தப் பக்கம் என்று தடவித் தேடி,
புதிதாய்ப் பழகுகிறவனைப் போல.

சீட்டு காய்ந்தபடி இருந்தது.
உள்ளே இன்னும் அந்த எண்ணெய் வாசம்.
சாருணி இலக்கங்களை ஒவ்வொன்றாய்ப் பேப்பரோடு சரிபார்த்தாள்.
எங்களுக்கு ஒன்றும் விழவில்லை.