திசைத்தெய்வம்

கியோத்தோவில் பனி.
காப்பகத்தில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை.
கையுறையோடு ஏடு திருப்புகிறார் குராமித்சு மிசாவோ.

அரண்மனை எழுத்தன் ஒருவன்,
வடகிழக்கில் இன்று திசைத்தெய்வம்,
நேரே வீடு போகலாகாது என்று
அந்த வருடம் பதினேழு இரவு
வேறிடத்தில் தங்கியிருக்கிறான்.
பதினேழும் ஒரே வீடு.

பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்கிறார்.
தெய்வம் அங்கே நின்றது நாலே தடவை.

சிரித்துவிட்டு
மனைவியின் செலவேட்டை எடுக்கிறார்:
அதே இரவுகளில்
விளக்குக்கு இரண்டு பங்கு எண்ணெய்.

காத்திருந்தாளா,
கதை படித்தாளா,
பிளம் கிளையில் கட்டிய கடிதம்
அவளுக்கும் வந்ததா?

அடிக்குறிப்பில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி,
அடித்து,
மறுபடியும் அதையே எழுதுகிறார்.

வீட்டுக்குப் பேருந்து தெற்கே.
மிசாவோ இன்று
காமோ ஆற்றோரம்
வடக்கே நடக்கிறார்.