இளைப்பாறும் துடிப்பு

மணிக்கட்டில் நான் கட்டியிருப்பது ஒரு கோள்சொல்லி.
இளைப்பாறும் துடிப்பு நேற்று ஐம்பத்திரண்டு,
இன்று காலை அறுபத்தொன்று.
என்ன நடந்தது என்று கேட்காது.
ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டு
பேசாமல் கிடக்கும்,
கோபித்துக்கொண்ட அக்காவைப் போல.

இரண்டு கிளாஸ்தான்.
சரி, மூன்று.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பயிற்சித் தாள்.
கிலோமீட்டர்களுக்குப் பக்கத்தில்
பென்சிலால் சிறு புள்ளிகள்,
மகள் கேட்டால் 'முழங்கால் நோ' என்று சொல்லலாம்.
செவ்வாய் பன்னிரண்டு, புள்ளி இல்லை.
வியாழன் பதினாறு, ஒன்று.
வெள்ளி ஓய்வு.
ஓய்வு நாளில்தான் புள்ளிகள் நெருக்கியடிக்கின்றன.

ஹாமில்டனில் என் ஓட்டத்தை எல்லாரும் கண்டிருக்கிறார்கள்.
முருங்கைக்காய் பொறுக்கும்போது
"உங்களை மலைப் படியில கண்டனான்" என்பார்கள்,
"இந்தக் குளிருக்க என்னத்துக்குப் பிள்ளை" என்பார்கள்.
வைன் போத்தல் வாங்குவது மட்டும்
மூன்று பஸ் தரிப்பு தள்ளி,
என் பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்களிடம்.

நேற்று மண்டபத்தில் ஒரு சாமத்தியச் சடங்கு.
வெளியே கார் டிக்கிகள் திறந்து கிடந்தன.
ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்தாறு ஆண்கள்,
நடுவில் நெருப்பு எரிவதுபோலக் கைகளை நீட்டிக்கொண்டு.
பிளாஸ்டிக் கப், மிக்ஸர்.
ஐஸ் யாரும் கேட்கவில்லை, நிலமே ஐஸ்.
உள்ளே வட்ட மேசையில்
நான் நெக்டோ குடித்தேன்,
யாருடையதோ சொதியில் பால் திரைந்த கதையைக் கேட்டுக்கொண்டு.
வீட்டுக்கு வந்துதான் புள்ளி வைத்தேன்.

காலை ஆறரை. மைனஸ் ஏழு.
தாளில் இன்றைக்கு முப்பத்திரண்டு.
மே மாதம் நாற்பத்திரண்டு.
இரும்பாலைப் புகை நேரே மேலே போனது,
காற்றில்லை, சாட்டும் இல்லை.
முதல் பத்து கிலோமீட்டர் எப்போதும் மன்னித்துவிடும்.
இருபதில் நாக்குத் தடித்தது.
இருபத்தாறில் கெண்டைக்கால்
வட்டிக்காரனாய் வந்து நின்றது.
இருபத்தொன்பதில், ஏரிக்கரையில், பெரிய பாலத்தின் கீழ்,
தலைக்கு மேலே லொறிகள் இடிக்க,
கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.

வந்தது புளிப்பு.
வெள்ளைப் பனியில்
இரத்தம் என்று எவரும் பயப்படக்கூடிய நிறம்.

பயந்தார் ஒருவர்.
"அக்கா, அம்புலன்ஸ் கூப்பிடவோ?"
நிமலரூபன்.
நேற்றைய மூன்றாவது டிக்கியின் சொந்தக்காரர்.
தொப்பிக்கும் கழுத்துப்பட்டிக்கும் இடையில் ஆவி பறந்தது,
அதில் இன்னும் விஸ்கி மணந்தது.
"இரத்தம் இல்லை" என்றேன்.
குனிந்து பார்த்தார்.
"ஓ" என்றார்.
அந்த ஓவுக்குள் மண்டபத்துப் பெண்கள் எல்லாரும்
ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பிறகு சொன்னார்:
"எனக்கு இருபத்திமூண்டில வந்தது.
அங்கால, படகுத் துறைக்குப் பின்னால."

கடைசி மூன்றையும் நடந்தோம்.
அவர் பையில் இரண்டு பேரீச்சம்பழம்,
ஒன்றை எனக்குத் தந்தார், கல்லாய் உறைந்திருந்தது.
"எத்தினை?"
"மூண்டு. உங்களுக்கு?"
ஏரியைப் பார்த்தார்.
கரையோரம் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசின.
அவர் மணிக்கட்டில்
கடிகாரம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.
"கழட்டி வச்சிட்டன்," என்றார், "போன வருசம்."
சிரித்தேன்.
அவர் சிரிக்காததைப் பிந்தித்தான் கண்டேன்.

வீடு. தாள்.
முப்பத்திரண்டு என்று எழுதி
அழித்துவிட்டு
இருபத்தொன்பது என்று எழுதினேன்.
மேசையில் போத்தல்,
அடியில் இன்னும் ஒரு கிளாஸ் இருக்கும்.
அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று சொன்னால்
நன்றாகத்தான் இருக்கும்.
ஊற்றவில்லை.
நேற்றைய மூன்று புள்ளிகளின் மேல்
பேனாவால், எண்ணில், 3 என்று போட்டேன்.
பக்கத்தில்: வைன்.

மாடியில் கதவு திறக்கிறது.
மகள் பால் எடுக்க வருகிறாள்.