ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு விரிசல்

அழுத்தினேன்.
அலைக்கோடு ஓடியது இடமிருந்து வலமாக,
பச்சையாய், முள்முள்ளாய்.
சத்தம் இல்லை.
ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினேன்.
காதொலிப்பானைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினேன்.
ஊமை கண்ட கனவாகத்
திரையில் மட்டும் உடைந்துகொண்டிருந்தது பனிக்கட்டி.

இனாரி ஏரிக்கு அடியில் நான் இறக்கிய நான்கு ஒலிவாங்கிகள்
பிப்ரவரி முழுக்கக் கேட்டுச் சேர்த்தவை.
ஏரி என் சன்னலுக்கு வெளியேதான் கிடக்கிறது.
சேர்த்ததெல்லாம் கிடப்பது தெற்கே ஔலுவில்,
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்,
என் மடிக்கணினி தூக்க முடியாததைத் தூக்கும்
ஒரு பெரிய கணினியில்.
கட்டளை இங்கிருந்து, வேலை அங்கே.
அந்த மேசையின் திரை அப்படியே
என் சமையலறை மேசையில் விரியும்,
ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே.

மறுபடி அழுத்தினேன். மறுபடி.
ஏழாம் முறை
சுட்டி என் கையை விட்டுத் தானாக நகர்ந்தது.

வெற்றுக் கோப்பு ஒன்று திறந்தது.
ஒற்றை விரலால் எழுதுகிறவரின் வேகத்தில்
எழுத்தெழுத்தாக வந்தது:
யார் அது
கட்டிடம் விரிசல் விடுகிறதா
காவலரைக் கூப்பிடட்டுமா

அப்போதுதான் உறைத்தது.
படம் இங்கே வந்ததே தவிர
சத்தம் அங்கேயே தங்கிவிட்டது.
இரவு ஒன்றே முக்காலுக்கு,
ஆளில்லை என்று நான் நம்பிய அறையில்,
நான் இங்கே ஏற்றிய அளவில், ஏழு முறை.

கட்டிடம் இல்லை, ஏரி, என்று எழுதினேன்.
குளிர் ஏறினால் பனி இப்படித்தான் பேசும்.
மன்னியுங்கள். நான் ஹில்க்கா.

தாஹ்வோ. தரை துடைப்பவன்.
கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு,
வாளித் தண்ணீர் நடுங்கியது.

சத்தத்துக்கென்று தனி வாய்க்கால் வெட்ட
இருபது நிமிடம் ஆயிற்று.
ஒரு கதவெண் தவறு, ஒரு கடவுச்சொல் தவறு,
ஆறிப்போன காப்பி.
பிறகு வந்தது:
இழுத்துக் கட்டிய நீளக் கம்பியைக்
கோடரியின் பின்புறத்தால் தட்டினாற்போல் ஒன்று,
அதன் வால் மட்டும் ஏரியின் மறுகரை வரை.
முள் கடந்துபோன இரண்டு நொடி கழித்தே வந்தது.
வரட்டும். வந்ததே.

கோப்பில் புதிய வரி:
ஏன் நிறுத்திவிட்டீர்கள்

வாய்க்காலைத் திருப்பியவள்
பழைய வயலை நினைக்கவில்லை.
மறுபடி உட்கார்ந்து கிளை பிரித்தேன்,
பாதி அங்கே, பாதி இங்கே.

இப்போது அவருக்கு முதலில் கேட்கும்.
கேட்டதும் ஒரு விசை தட்டுவார், ஓ என்று.
என் திரையில் ஓ விழும்,
அதன் பின்னால் என் காதில் பனி உடையும்.
ஓ. உடைந்தது.
ஓ. உடைந்தது.
ஓஓ என்று விழுந்தபோது
மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பதிவு தீர்ந்தது.
நன்றி, இன்னும் இரண்டு மாடி பாக்கி, என்றார்.
பதில் எழுத விரல் வைத்தபோது
வெளியே, யாரும் எதையும் அழுத்தாமல்,
இருட்டின் குறுக்கே நெடுக ஒரு கீறல்.
சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஓ, என்று தட்டினேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே,
என்று எழுதிவிட்டு
அவர் காத்திருந்தார்.