தாமதக் கட்டம்

அதிகாலை நாலு மணிக்கே
தங்குவிடுதி வாசலில் பொட்டலங்கள் வந்துவிடும்.
சோறு, சாம்பார், ஒரு துண்டு மீன்.
எப்போது வடித்ததென்று யாருக்கும் தெரியாது.
பன்னிரண்டுக்குப் பிரிப்போம்.

எட்டு மணி நேரம்.
இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும் என்றால்
இருபத்துநாலு தடவை.
லாரியின் பின்பலகையில் குலுங்கிக்கொண்டே
ஆயர் ராஜா விரைவுச்சாலை முடிவதற்குள்
விரல்விட்டுப் பெருக்கினேன்:
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்.
ஏஜெண்டுக்காக வாங்கிய கடனைவிடக்
கொஞ்சம் வேகம்.

புதுக்கோட்டைக் கல்லூரியில்
எங்கள் இன்குபேட்டர்
கரண்ட் போனால் செத்துவிடும்.
முப்பத்தேழு டிகிரியைப் பிடித்துவைக்க
அட்டெண்டர் சவரிமுத்து சாக்கைப் போட்டு மூடுவார்.
துவாஸில் அந்த வேலையை
வெயில் சும்மா செய்து தருகிறது.
ஈரம் உண்டு, மாவுச்சத்து உண்டு,
உறைப்பும் உப்பும் உறுத்தாத அளவில்.
இவ்வளவு கரிசனமாய் நாங்கள்
பரிசோதனைக்குக்கூட வளர்த்ததில்லை.

போன மாதம் ஒன்பது பேருக்கு வாந்தி.
ரொபியுலை இரண்டு பேர் தூக்கிவந்தோம்.
சேஃப்டி அதிகாரி
தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்.
சோறு, என்றேன்.
கொதித்தாலும் சாகாத வித்து அரிசியிலேயே இருக்கும்,
ஆறினதும் முளைக்கும்,
நஞ்சைக் கக்கிவிட்டால்
திரும்பச் சூடுகாட்டியும் பயனில்லை.
உனக்கு எப்படித் தெரியும்?
படித்திருக்கிறேன்.
அவர் என் கையுறையைப் பார்த்தார்.
பிறகு கடிகாரத்தை.

பாடப்புத்தகத்தில் ஒரு வளைகோடு இருந்தது.
மேலே ஏறுவதற்கு முன்
தரையோடு தரையாய்ப் படுத்திருக்கும்.
புது இடத்துக்கு வந்தவை உடனே பெருகுவதில்லை,
சூடு பழக வேண்டும், புளிப்பு பழக வேண்டும்,
எதைத் தின்னலாம் என்று தெரிய வேண்டும்.
அதற்குத் தாமதக் கட்டம் என்று பெயர்.
ஐந்து மதிப்பெண் கேள்வி.
எனக்கு இங்கே ஆறாவது வருடம்.

இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்கு,
தலைக்கவசம் மாட்டும் முன்,
நாற்பத்திரண்டு பொட்டலத்தையும்
புதிதாய் வந்திறங்கிய கான்கிரீட் குழாய்க்குள்
ஒவ்வொன்றாய் அடுக்குகிறேன், ஒன்றன்மேல் ஒன்று படாமல்.
உள்ளே சுவர் ஜில்லென்றிருக்கும்.
நாலைந்து டிகிரி குறையலாம்.

இதனால என்ன மிச்சம், என்றான் இருளப்பன்.
ரெண்டு மூணு தடவை பெருகாம இருக்கும்.
அவ்வளவுதானா?
மூணு தடவைன்னா எட்டுல ஒரு பங்குடா, என்றேன்.
அவன் சிரித்துக்கொண்டே
தன் பொட்டலத்தையும் உள்ளே தள்ளினான்,
கொஞ்சம் ஆழமாக.

வியாழக்கிழமை
குழாயை மண்ணுக்குள் இறக்குகிறார்கள்.
வேறு நிழல் பார்க்க வேண்டும்.