இருபது கிலோஹேர்ட்ஸுக்கு மேலே

சீனக்குடா, மூன்றாம் இலக்கக் களஞ்சியம்.
கோதுமை மூட்டைகளுக்கு நடுவே நாலு ஒலிவாங்கி.
இரவு முழுக்க அவை கேட்டதைக்
காலையில் நான் பார்ப்பேன்.
கறுப்புத் திரையில் வெளிச்சக் கீறல்கள்,
ஒவ்வொன்றையும் சுற்றி மென்பொருள் போட்ட மஞ்சள் பெட்டி,
பக்கத்தில் அதன் நம்பிக்கை: எண்பத்தொரு வீதம்.
எலியா, இல்லையா?
சொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

இருபதுக்குக் கீழே உள்ளதெல்லாம்
முதலிலேயே வெட்டுப்பட்டுவிடும்.
கொழும்பு ரயில், சுபஹ் பாங்கு,
குடாவில் கப்பல் ஊதுவது,
மெமரி கார்ட் மாற்றப் போனபோது நான் இருமியது,
மனிதக் காதுக்கு எட்டிய எதுவும்
அந்தக் கோப்பில் இல்லை.

முதல் மாதம் ஒரு பெரிய எலி அகப்பட்டது.
தினமும் இரண்டு பத்துக்கு வரும்,
கதவோரம் கத்தும், போய்விடும்.
தொண்ணூற்றேழு வீதம்.
பேராதனையிலிருந்து எரந்த
ஃபோன் எடுத்துச் சந்தோஷப்பட்டான்.
அது ஜவ்பர் நானாவின் சாவிக்கொத்து.
காவல் சுற்றில் பூட்டை இழுத்துப் பார்ப்பாராம்.
"அப்ப எனக்கும் பொறி வைக்கப் போறீங்களா, மகள்?"
இல்லை, இல்லை, இல்லை என்று
நாற்பது சாவிகளைச் சொடுக்கினேன்.
மென்பொருள் கற்றுக்கொண்டது.

வைகாசியில், பதினோராம் அடுக்குக்குப் பின்னால்
மெல்லிய கீறல்கள், நாற்பதில்.
பதினாறு மடங்கு மெதுவாக்கி
ஹெட்ஃபோனை மாட்டினேன்.
எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி
ஏறி, ஏறி, பாதியில் அறுந்தது.
கண் திறக்காத குஞ்சு
தாயைக் கூப்பிடுகிறது.
தாய் எங்கே என்று எனக்குத் தெரியும்.
பொறிப் பதிவேடு என் மேசையில்தான்.

பெட்டிகளை எண்ணித்தான் மருந்து வைப்பார்கள்.
இல்லை என்று சொடுக்கினேன்.
பதினேழு தடவை.

கெட்டிக்கார மாணவன். இரண்டாம் வாரம்
நாற்பதில் பெட்டி போடுவதை நிறுத்திவிட்டது.
குஞ்சுகள் செத்தனவா, அது செவிடானதா,
சொல்லத் தெரியவில்லை.
அறிக்கையில் பூச்சியம்.
எரந்த "சூப்பர்" என்று அனுப்பினான்.
அடி மூட்டையிலிருந்து கோதுமை
கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

இன்று பெட்டிகளை நம்பாமல்
கோப்பை முழுதாக ஓட்டினேன், வெறுங்கண்ணால்.
இரண்டு பத்தில் நிறுத்தினேன்.
பெட்டி இல்லாவிட்டாலும்
சாவிக் கீறல் இருக்க வேண்டும்.
இல்லை.
நேற்றைய கோப்பிலும் இல்லை,
முந்தாநாளிலும்.
மூன்று இரவு, யாரும்
பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.
எச்சரிக்க எதுவும் இல்லை என்கிறது திரை.

ஜவ்பர் நானாவின் இலக்கத்தை அழுத்துகிறேன்.
ரிங் போகிறது.
இன்னும் போகிறது.