ஆறு முனை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில்
ஏழு மீட்டர் வெள்ளை பாப்ளின், ரெண்டு மீட்டர் நீலம்.
கன்வென்ஷன் மேடைக்குக் கொடி.
பாஸ்டர் ஒநேசிம் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தைப்
பெரிதாக்கிப் பார்த்தார் கடைக்கார சிக்கந்தர் பாய்.
ஒன்றும் சொல்லவில்லை.
நீலத்தை மட்டும் இரண்டு முறை அளந்தார்.

நட்சத்திரம் வெட்டுவது லேசு:
ஒரு முக்கோணம், அதன்மேல் தலைகீழாய் இன்னொன்று.
பிளவுசுக்குக் கை வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?
ஆனாலும் ஒரு முனை இழுத்துக்கொண்டது.
பிரித்தேன். மறுபடி தைத்தேன்.

இதே மெஷினில்தான்
பெரிய வெள்ளி நாடகத்துக்குக் கறுப்பு அங்கிகள் தைத்தேன்.
பன்னிரண்டு பேர் யூதர்கள்.
பஞ்சுத் தாடி, புருவத்துக்கு மை,
மூக்கு நீளமாய்த் தெரிய மெழுகு.
கொல்லு கொல்லு என்று அவர்கள் கத்தியபோது
என் மடியிலிருந்த பொடியன் கேட்டான்:
யூதருன்னா கெட்டவங்களா?
உஷ் என்றேன்.
இயேசுவுக்குத் தைத்தது மட்டும் வெள்ளை.
அவரும் யூதர்தானே என்று
அந்த மேடையில் ஒருத்தரும் சொல்லவில்லை.
கீழே உட்கார்ந்திருந்த நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஏச்சு, ஞாயிற்றுக்கிழமை கொடி.
நடுவில் ஒரு சனி இருக்கிறது.
அது அவர்களுடைய நாள்.
நாங்கள் அன்று நாற்காலி துடைப்போம்.

எங்கள் ரேஷன் கார்டை வாசித்தால்
பாலைவனக் கோத்திரம் ஒன்று ஒட்டகத்தோடு நடந்துபோகும்:
நப்தலி, யோகெபேத், ஈசாக்கு, தெபொராள்.
பெயர்களை எடுத்துக்கொண்டோம்.
கேட்டு வாங்கியதாக நினைவில்லை.

தங்கச்சி தெபொராள் ஹைஃபாவில் இருக்கிறாள்.
ஷ்முயேல் என்பவருக்கு மாத்திரை, குளியல், டயப்பர்.
வீடியோ காலில் கொடியை விரித்துக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்து, ஏன் என்று கேட்டார்.
உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்றேன்.
எதற்கு?
கடைசி நாளில் நீங்களெல்லாம் மனந்திரும்பணும் என்று...
தெபொராள் அதை மட்டும் அவர் பாஷையில் சொல்லவில்லை.
"தையல் நல்லாருக்காம்" என்றாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், சத்தம் குறைத்து:
"சைரன் வந்தா இவரைத் தூக்கிக்கிட்டுத்தான்க்கா படி இறங்கறேன்.
ரெண்டாம் மாடி நர்ஸ் ரீம், நசரேத்துக்காரி,
நம்மள மாதிரி ஞானஸ்நானம் வாங்கினவ.
அவ சித்தப்பா குடும்பம் காசாவுல
கோயிலுக்குள்ளயே படுத்துக் கிடக்கு.
அவளுக்கு என்ன கொடி தைப்பே?"

ஜெபக் குறிப்புச் சீட்டில் இரண்டு பெயர் எழுதினேன்.
ஷ்முயேல். ரீம் வீட்டார்.
பாஸ்டர் முதல் பெயருக்கு அல்லேலூயா என்றார்.
இரண்டாவதை வாசித்து, நிறுத்தி,
அடுத்த சீட்டை எடுத்தார்.
அதில் யாருக்கோ கிட்னியில் கல்.

இன்று லாயிட்ஸ் ரோட்டில்
கல்யாண பிளவுஸ் ஒன்று கொடுக்கப் போனேன்.
பூட்டிய கேட் ஒன்றில் இரும்பில் அதே நட்சத்திரம்.
கம்பி வழியே பார்த்தேன்: கல்லறைகள், முழங்கால் உயரப் புல்,
யாரோ வீசிய தண்ணீர் பாட்டில்.
இந்த ஊரில் பவழம் விற்று, வைரம் வாங்கி,
இங்கேயே செத்தவர்களும் இருந்தார்கள் போல.
எங்கள் சபையார் ஒன்றரை லட்சம் கட்டிப்
பரிசுத்த தேசம் போய் யோர்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.
இங்கே வர பஸ் டிக்கெட் போதும்.
கேட்டுக்கு வெளியே நின்று
என்ன ஜெபம் செய்வது என்று தெரியவில்லை.
செத்துப்போனவர்கள் மனந்திரும்ப வேண்டியதில்லை.
மன்னிப்பு கேட்கலாம் என்று தோன்றியது.
அதற்குள் பிளவுஸ் வீட்டிலிருந்து போன்.

கொடி இன்னும் மெஷின்மேல் கிடக்கிறது.
அந்த ஒரு முனை மறுபடி பிரிந்துவிட்டது.
வெள்ளையில் ஒன்றேகால் மீட்டர் மீந்தது;
பிள்ளைக்குச் சட்டை என்றால் தாராளம்.
இந்த அளவு வெள்ளைத் துணி
பிள்ளைகளுக்கு வேறெதற்கும் போதும் என்பதை
நினைக்காமலிருக்க
ஊசியில் நூலே இல்லாமல்
மிதித்துக்கொண்டிருக்கிறேன்.